பார்க்க உயிர்மீன், கடிக்க ஆளில்லை: பாஸ் தொடாத மூன்று லூர்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

“அச்சு அசல் மீன் மாதிரியே இருக்கு. ஆனா ஒரு பாஸ்கூடத் தொடலை.” பாஸ் எனும் நன்னீர் வேட்டைமீனைத் தூண்டிலில் பிடிக்கப் புது லூர், அதாவது செயற்கை இரை, வாங்கியவர்களின் புகார் பெரும்பாலும் இந்த ஒற்றை வரிதான். கூடவே தீர்ப்பும் வந்துவிடும்: நிறம் சரியில்லை, அடுத்த முறை வேறு நிறம் வாங்க வேண்டும். இந்த ஆய்வு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஏமாற்றும் லூர்களில் பெரும்பாலானவை, மீன் உற்றுப் பார்த்துப் பிடிக்காமல் ஒதுக்கும் கட்டம் வரை போவதே இல்லை. மீன் நிற்கும் ஆழத்துக்கு இறங்காமலோ, நீந்த வேண்டியபடி நீந்தாமலோ அதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன. கடித்த மீன் தூண்டில் முள்ளில் நிற்காமல் போவது மூன்றாவது வகை. நிறத்தின் முறை இதற்கெல்லாம் பிறகுதான்.

ஆய்வுக்கு எடுத்திருப்பது ஒரு பெட்டி, மூன்று லூர். மலிவுப் பெட்டிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் கோளாறுகளை ஒன்றாகத் திரட்டி அமைத்த மாதிரி நிகழ்வு இது.

நிலவரம்

தெளிந்த நீருள்ள நீர்த்தேக்கம். வசந்தத்தின் தொடக்கம், மேல்நீரின் வெப்பம் 13 டிகிரி செல்சியஸ். பெரியவாய் பாஸ் (largemouth bass) முட்டையிடக் கரையோரம் ஏறுவதற்கு இன்னும் சில டிகிரி கூட வேண்டும். அதனால் மீன்கள் பாசிப்படுகையின் வெளி விளிம்பில், தரை சரிந்து இறங்கும் இடத்தில், மூன்றரை மீட்டர் ஆழத்தில் நிற்கின்றன. இந்த வெப்பத்தில் அவை இரையெடுக்கும், ஆனால் வெகுதூரம் துரத்தாது.

கருவிகள்: 7 அடி விறைப்பான கோல், 7.1:1 கியர் ரீல், 0.40 மி.மீ. ஃப்ளூரோகார்பன் தூண்டில் நரம்பு. கூரிய பற்களுள்ள பைக் மீன் வந்து நரம்பை அறுத்துவிடுமோ என்ற பயத்தில் நுனியில் ஒரு எஃகுக் கம்பி லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவே வரும் துண்டு), அதில் பெரிய ஸ்விவலோடு (சுழலும் இணைப்பு) கூடிய, லூரை மாட்டும் ஸ்நாப் கொக்கி.

லூர்கள்: நான்கு துண்டுகளாக இணைத்த 13 செ.மீ. கடின ஸ்விம்பெய்ட் (உடல் வளைத்து நீந்தும் மீன் வடிவ லூர்), அட்டையில் ‘மெதுவாக மூழ்கும்’ என்று அச்சிட்டது. 6 செ.மீ. க்ராங்க்பெய்ட் (இழுக்கும்போது மூக்கிலுள்ள லிப் எனும் தகட்டால் ஆழம் இறங்கும் லூர்), அட்டைப்படி 3 மீட்டர் இறங்கும். 10 கிராம் ஜிக் தலையில் (எடைக்குண்டோடு சேர்த்து வார்த்த முள்) கோத்த, துடுப்பு வால் வைத்த 10 செ.மீ. ரப்பர் மீன்.

விளைவு: ஸ்விம்பெய்ட்டின் பின்னால் பாஸ் வந்தது, கரைக்கு அருகில் திரும்பிப் போய்விட்டது. க்ராங்க்பெய்ட்டை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. ரப்பர் மீனில் ‘டக், டக்’ என்று தட்டல் கிடைத்தது, முள் மாட்டவில்லை. மாட்டிய ஒரே மீனும் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போனது.

மூன்றையும் ‘மீன் கிடைக்கவில்லை’ என்று ஒரே கணக்கில் எழுதக் கூடாது. பின்தொடர்ந்து திரும்புவது நீச்சல் கோளாறின் அடையாளம். எதுவுமே வராதது ஆழக் கோளாறு. தட்டிவிட்டுப் போவது முள் சம்பந்தப்பட்டது. விதிவிலக்கு உண்டு என்றாலும் சோதனையைத் தொடங்க இந்த வரிசை போதும்.

ஸ்விம்பெய்ட்: ஒன்றை ஒன்று இழுத்துவிட்ட தவறுகள்

முதல் சோதனைக்குத் தண்ணீரே வேண்டாம். லூரின் மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை மெல்லப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் தன் எடையாலேயே தளர்ந்து ஆட வேண்டும். இந்த லூரில் இரண்டாம் மூட்டு ஒரு பக்கம் முழுதாக மடிந்தது, மறுபக்கம் பாதியில் நின்றது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காரணம் தெரிந்தது: மூட்டின் உள்விளிம்பில் வார்னிஷ் திரண்டு, குன்றிமணி அளவுக்குக்கூட இல்லாத ஒரு மேடாக உறைந்திருந்தது. படம் எடுக்கும் கேமராவுக்கு அது தெரியாது. நீந்தும்போது உடல் ஒரு பக்கமாகவே வளையும்.

அடுத்து மூழ்கும் வேகம். அரை மீட்டர் ஆழமுள்ள வாளியில், ஏரி நீரின் குளிர்ச்சிக்கு ஏறக்குறைய நெருங்கிய தண்ணீரில், லூரைக் கிடையாகப் பிடித்து விட வேண்டும். மெதுவாக மூழ்கும் லூர் அடியைத் தொட ஐந்தாறு நொடி எடுக்கும், அதாவது நொடிக்குச் சுமார் 8 முதல் 10 செ.மீ. இது இரண்டே நொடியில் தொட்டது, அதுவும் மூக்கு கீழே குத்தியபடி. எஃகு லீடரையும் ஸ்விவலையும் கழற்றிவிட்டுப் பார்த்தபோது மூக்குக் குத்தல் பாதி குறைந்தது. வேகம் மாறவில்லை. ஆக, உடலே கனம்.

இதன் விளைவு ஏரியில் ஒரு சங்கிலியாக நடக்கிறது. மெதுவாகச் சுற்றினால் லூர் பாசிக்குள் இறங்கிவிடுகிறது. பாசியிலிருந்து காப்பாற்றத் தூண்டில்காரர் வேகமாகச் சுற்றுகிறார். 7.1:1 ரீல் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 75 செ.மீ. நரம்பை உள்ளே இழுத்துவிடும். அந்த வேகத்தில் இந்த லூர் ‘எஸ்’ வடிவில் வளைவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து, சில சமயம் முழுதாகவே புரண்டு வருகிறது. பின்னால் வரும் பாஸுக்கு இரண்டு விதத்தில் இடறுகிறது: குளிர்நீரில் துரத்த முடியாத வேகம், கூடவே காயம்பட்ட மீனும் செய்யாத புரளல். கரையருகே லூர் மெதுவானதும் மீன் நெருங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. பார்க்கிறவர் ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று எழுதிக்கொள்கிறார்.

புரள்வதற்குக் காரணம் எடை இருக்கும் இடம். உள்ளே காற்றறை மேலேயும் ஈயம் வயிற்றின் அடியிலும் இருந்தால், மிதப்பின் மையமும் எடையின் மையமும் நன்றாக விலகி நிற்கும். தண்ணீர் எப்படித் தள்ளினாலும் உடல் நிமிர்ந்துகொள்ளும். மலிவுப் படிவங்களில் துண்டுகளைத் திண்ணமாக வார்த்துவிட்டு, ஒரு சிறு ஈயத் துண்டை நடுவில் புதைத்துவிடுகிறார்கள். இரண்டு மையமும் ஒன்றுக்கொன்று ஒட்டியே இருப்பதால் நிமிர்த்தும் விசை மிகக் குறைவு. செதில் அச்சடிக்கச் செலவழித்த கவனத்தில் கால்பங்கு ஈயத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

திருத்தம் இப்படி. மூட்டின் வார்னிஷ் மேட்டை நுனிக்கத்தியால் சுரண்டி, மடித்த 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு மடிகிறதா என்று மறுபடி தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்க மும்முனை முள்ளை 2-ஆம் எண்ணிலிருந்து சிறியதான 4-க்கு இறக்க வேண்டும். அதில் மிச்சமாகும் எடைக்குச் சமமான மெல்லிய ஈயக் கம்பியை முன்பக்க, அதாவது வயிற்று முள்ளின் தண்டில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். மொத்த எடை கூடாது, எடை கீழே இறங்கும். எஃகு லீடரும் ஸ்விவலும் போக வேண்டும், சிறிய ஸ்நாப் கொக்கி மட்டும் போதும். பைக் உண்மையாகவே இருக்கும் நீர் என்றால் தடித்த ஃப்ளூரோகார்பனில் இரண்டு அடி லீடர் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி முதன்மை நரம்பை நைலான் மோனோவுக்கு மாற்றுவது நல்லது. ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.78 மடங்கு, நைலானுடையது 1.14 மடங்குதான். நீளமாக எறிந்த நரம்பு மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுப்பது இதனால் குறைகிறது.

இவ்வளவும் செய்த பிறகு லூர் நிமிர்ந்து நீந்தியது, இரு பக்கமும் வளைந்தது. மூழ்கும் வேகம் மட்டும் அப்படியேதான். திண்ணமான உடலை இலேசாக்க வழியில்லை. ஆகவே பாசிக்கு மேல் நீந்தவைக்க இது ஒருபோதும் உதவாது. நான்கு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, தரை சுத்தமான இடத்தில் அடிவரை விட்டு, நொடிக்கு அரைச் சுற்று வேகத்தில் கொண்டுவரலாம். பாதிதான் காப்பாற்ற முடிந்த லூர்.

உள்ளே காற்றறை வைத்த ஸ்விம்பெய்ட்களில் இன்னொரு தொல்லை, ஒட்டுத்தையல் வழியே தண்ணீர் புகுவது. காலையில் நன்றாக நீந்தியது மதியம் கல்லாய் மூழ்கினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல், சுமார் 50 டிகிரி வெந்நீரில் லூரை அமிழ்த்திப் பிடித்தால் உள்ளே உள்ள காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரிசையாகக் கிளம்பும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, முழுதாக உலரவைத்து, நீர்போல் ஓடும் வகை சூப்பர் க்ளூவைத் தையலில் ஓடவிட்டால் தீரும். உலராமல் ஒட்டினால் தண்ணீர் உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும்.

க்ராங்க்பெய்ட்: அட்டையில் இருந்த 3 மீட்டர்

அட்டையில் எழுதியது முழுப் பொய் இல்லை. அந்த ஆழம் மெல்லிய நரம்பில், நீண்ட எறிதலில் கிடைப்பது. க்ராங்க்பெய்ட் விழுந்த இடத்திலிருந்து சரிவாக இறங்கி, சிறிது தூரம் கிடையாக ஓடி, பிறகு கோல் நுனியை நோக்கி மேலேறும். 15 மீட்டர் எறிந்தால் அது கீழ்மட்டத்தைத் தொடுவதற்குள்ளேயே மேலேறத் தொடங்கிவிடும். 30 மீட்டர் எறிந்தால்தான் கிடையாக ஓடும் பகுதி என்று ஒன்று உண்டாகும். தடித்த நரம்பு தண்ணீரில் அதிகமாக உரசி லூரை மேலே தூக்கும். 0.40 மி.மீ. நரம்பிலிருந்து 0.28-க்கு வந்தால் இந்த அளவு லூருக்கு அரை மீட்டர் வரை கூடுதலாகக் கிடைக்கும். கோல் நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடிப்பதும் ஓரளவு உதவும். வேகமாகச் சுற்றினால் ஆழம் போகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஓர் எல்லைக்கு மேல் வேகம் ஆழத்தைக் கூட்டாது, லூரைத் தடுமாறச் செய்யும்.

இந்த நிகழ்வில் கணக்கு எளிது. மீன் மூன்றரை மீட்டரில் நிற்கிறது. லூர் தடித்த நரம்பில், குறுகிய எறிதலில் இரண்டு மீட்டர்கூட எட்டவில்லை. 13 டிகிரி நீரில் பாஸ் அந்த ஒன்றரை மீட்டர் ஏறி வரவில்லை. லூரின்மேல் குற்றமே இல்லாமல் இருந்திருந்தாலும் பதில் பூஜ்யம்தான்.

குற்றமும் இருந்தது. நேராக இழுத்தால் லூர் இடது பக்கம் ஒதுங்கியது. சரிசெய்யும் முறை பலருக்குத் தெரியும், திசையில்தான் குழம்புகிறார்கள். லூர் உங்களை நோக்கி வரும்போது உங்களுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் நரம்பு கட்டும் கண்வளையத்தைக் குறட்டால் வளைக்க வேண்டும். கண்ணால் அளக்க முடியாத அளவு சிறிதாக வளைத்து, ஒவ்வொரு முறையும் கரையோரம் இழுத்துப் பார்க்க வேண்டும். வளையத்தை முறுக்கக் கூடாது, சாய்க்க மட்டும் வேண்டும், முறுக்கினால் உள்ளே ஒட்டு விட்டுப்போகும். ஆனால் கண்வளையத்தில் கை வைப்பதற்கு முன், லூரை மூக்குப் பக்கமிருந்து பார்த்து லிப் தகடு உடலின் நடுக்கோட்டுக்குச் சரியாகக் குறுக்கே நிற்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். தகடே கோணலாக ஒட்டியிருந்தால் எந்த வளைப்பும் நிலைக்காது, மெதுவான வேகத்தில் நேராகவும் வேகத்தில் கோணலாகவும் ஓடும். இதில் தகடு நேராக இருந்தது, சிறு சாய்ப்பில் சரியானது.

பின்லாந்தின் லௌரி ரபாலா 1936-இல் செதுக்கிய லூருக்குப் பின்னால் இருந்த கவனிப்பு இங்கே பொருந்தும்: கூட்டத்தில் எல்லா மீனும் ஒரே மாதிரி நீந்த, சற்றே தள்ளாடி நீந்தும் ஒன்றைத்தான் வேட்டைமீன் பொறுக்கியெடுக்கிறது. வேண்டியது அந்த ஒழுங்கான தள்ளாட்டம். ஒதுங்கி ஓடுவதும் புரள்வதும் அதில் சேராது.

ஆழம் கிடைத்த பிறகு இன்னொன்று மாறுகிறது. லிப் தகடு தரையை முட்டி, சேற்றைக் கிளப்பி, கல்லில் பட்டு விலகுகிறது. க்ராங்க்பெய்ட்டில் கடி அதிகம் விழுவது இந்த விலகலில்தான். வெறும் நீரில் ஒரே சீராக ஓடும் லூரைப் பாஸ் வேடிக்கை பார்க்கலாம், திடீரென்று திசைமாறும் ஒன்றை யோசிக்க நேரமில்லாமல் கவ்வுகிறது. கட்டையில் முட்டியதும் சுற்றுவதை ஒரு நொடி நிறுத்தினால் லூர் மிதந்து பின்வாங்கி விடுபடும். இழுத்தால் சிக்கும்.

ரப்பர் மீன்: தட்டல் உண்டு, மாட்டல் இல்லை

பொட்டலத்துக்குள் மடங்கிக் கிடந்ததால் வால் ஒரு பக்கம் வளைந்து உறைந்திருந்தது. போதாததற்கு மென்பிளாஸ்டிக் குளிர்நீரில் விறைக்கும். கடையில் விரலால் ஆட்டும்போது துள்ளிய வால், 13 டிகிரியில் மெதுவாக இழுத்தால் அசையாமல் வந்தது. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் 20 நொடி அமிழ்த்தி, வாலை நேராகத் தொங்கவிட்டுக் குளிர்நீரில் போட்டால் வடிவம் திரும்பும். விறைப்பு தீராவிட்டால் வாலுக்கு முந்தைய கழுத்துப் பகுதியைக் கூரான பிளேடால் இரு பக்கமும் மெல்லச் சீவி ஒல்லியாக்கலாம். ஓரளவுக்கு மேல் சீவினால் முதல் கடியில் வால் போய்விடும். ஜிக் முள் முதுகின் நடுக்கோட்டில் வெளிவர வேண்டும். இரண்டு மி.மீ. தள்ளி வந்தாலும் ரப்பர் மீன் பம்பரமாகச் சுழன்று நரம்பையும் முறுக்கும்.

தட்டலுக்கு வருவோம். பாஸ் இரையைப் பற்களால் பிடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து, செவுளை விரித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் கணத்தில் லூர் தளர்ந்து பின்னால் போக வேண்டும். விறைப்பான கோலில், இறுகிய நரம்பில் அது போகாது. வால் மட்டும் உதட்டில் பட்டு நழுவும். கையில் ‘டக்’ என்று கேட்பது அதுதான். இந்த ரப்பர் மீனில் முள்ளின் தண்டும் குட்டை: மூக்கிலிருந்து மூன்று செ.மீ.யில் முள் வெளியே வந்துவிட்டது, பின்னால் ஏழு செ.மீ. வெறும் ரப்பர். ஒரு அளவு பெரிய, தண்டு நீண்ட ஜிக் தலை போட்டால் முள் உடலின் நடுவுக்கு வரும். அதுவும் போதாத நாளில், 20 பவுண்டு பிரெய்டில் (பின்னல் நரம்பு) நான்கு செ.மீ. துண்டு கட்டி, சின்ன மும்முனை முள் ஒன்றை வயிற்றின் பின்பகுதியில் குத்திவைக்கலாம். கோலை மாற்ற முடிந்தால் நுனி இளகியதாக மாற்றுவது இதைவிட நல்ல மருந்து, க்ராங்க்பெய்ட்டுக்கும் அதே கோல் பொருந்தும்.

நிமிர்ந்த முள் தனிக் கதை. மலிவுப் பெட்டிகளில் முதலில் தூக்கிப்போட வேண்டியது முள்ளும், அதை லூரோடு இணைக்கும் ஸ்ப்ளிட் வளையமும்தான். முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நகத்தில் பற்றி நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கல். அடுத்து வளைவைக் குறட்டில் பிடித்து முனையை மெதுவாகத் திறக்க முயல வேண்டும். சற்று விரிந்து திரும்பினால் நல்ல எஃகு. விரிந்தபடியே நின்றால் மென்கம்பி, ஒடிந்தால் அளவுமீறிக் கடினமாக்கியது. இரண்டும் குப்பைக்கே. புது முள் மாட்டும்போது எடை மாறும் என்பதால் வாளிச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். முன் முள்ளும் பின் முள்ளும் ஒன்றையொன்று தொடும் அளவு பெரிதாக இருந்தால் எறியும்போதே பின்னிக்கொள்ளும்.

ரீலின் டிராக்கும் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) இதில் பங்காளி. நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். இங்கே அது திருகி அடைத்தே வைக்கப்பட்டிருந்தது. மும்முனை முள் உள்ள லூருக்கு நான்கில் ஒரு பங்கே போதும்.

இனி நிறம்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவாய் பாஸின் நிறப்பார்வையைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் கண்ணில் கூம்பு செல்கள் இரண்டு வகைதான். ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு. சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது. கருப்பையும் நீலத்தையும் குழப்பிக்கொண்டது, வெள்ளையையும் பளீர் மஞ்சள்பச்சையையும் அப்படியே. பெட்டியில் அந்த ஜோடி நிறங்களைத் தனித்தனியே வாங்கி அடுக்கியவர்கள் யோசிக்கலாம். ஆழம் போகப் போகச் சிவப்பு மங்கி இருண்டுவிடும். கலங்கல் நீரில் நிறத்தைவிட நிழலுருவும், மீனின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பு உணரும் நீரதிர்வும் முக்கியம். அந்த உணர்வு வேலைசெய்வது மிக அருகில்தான்.

அச்சு அசல் தோற்றத்துக்கு எதிரான சாட்சி சாதனைப் பட்டியலிலேயே இருக்கிறது. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ், வர்ணம் பூசிய ஒரு மர லூரைக் கடித்தது. 

ஆழம், நீச்சல், முள் மூன்றும் சரியாக இருந்தும் கடி விழாத நீர் உண்டு. எல்லாரும் ஒரே லூரை எறியும் தெளிந்த நீர்த்தேக்கங்கள் அப்படிப்பட்டவை. 1970-இல் வெளியான டச்சு ஆய்வு ஒன்றில், சுழல்தகடு லூரில் ஒருமுறை மாட்டிய பைக் மீன்கள் அதைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டன, உயிர் இரையைத் தவிர்க்கவில்லை. பாஸில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. இல்லினாயின் ரிட்ஜ் ஏரி மீன்களைக் கொண்டு நடந்த பல தலைமுறை ஆய்வு, தூண்டிலில் எளிதில் மாட்டும் குணம் ஓரளவு பரம்பரையாக வருவதை 2009-இல் காட்டியது. அங்கே மருந்து, அதே லூரின் வேறு நிறம் அல்ல, வேறு வகை அசைவு: அதிர்ந்து ஓடும் க்ராங்க்பெய்ட்டுக்குப் பதில் எடையில்லாமல் கோத்து அசங்காமல் அமிழும் ரப்பர் புழு, அல்லது நீண்ட இடைநிறுத்தத்தோடு ஜெர்க்பெய்ட் (வெட்டி வெட்டி இழுக்கும் ஒல்லி லூர்).

திருத்திய பின்

மூன்றில் முழுதாகத் தேறியது க்ராங்க்பெய்ட். மெல்லிய நரம்பு, நீண்ட எறிதல், நேராக்கிய கண்வளையம், புது முட்கள் ஆகியவற்றோடு சரிவின் விளிம்பைத் தொட்டு ஓடும் லூர் இந்த வெப்பத்துக்கு ஏற்ற கருவிதான். ரப்பர் மீன் புது ஜிக் தலையில் பயன்படும். ஆனால் அதன் வால் 13 டிகிரிக்கு ஏற்றதல்ல, நீர் 18 தாண்டும் வரை மென்மையான வேறொன்றே நல்லது. அதை மற்ற வகை ரப்பரோடு ஒரே அறையில் போட்டுவைக்கக் கூடாது, சில கலவைகள் ஒன்றையொன்று உருக்கிவிடும். ஸ்விம்பெய்ட் ஆழநீருக்கு மட்டும்.

அடுத்து வாங்கும்போது கடையிலேயே செய்யக்கூடியவை: மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டு மூட்டுகளைப் பார்ப்பது, மூக்குப் பக்கமிருந்து லிப் தகடு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது, காதருகே குலுக்கி ஈயக்குண்டு தளர்ந்து உருள்கிறதா என்று கேட்பது, அனுமதித்தால் முள்ளை நகத்தில் இழுப்பது. இணையத்தில் வாங்கினால் இவை எதுவும் முடியாது. விளம்பரக் காணொளியில் லூர் எவ்வளவு நேரம் வெட்டில்லாமல், ஒரே வேகத்தில் நேராக நீந்துகிறது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு நொடிக்கொரு வெட்டு விழுந்தால், மூன்றாவது நொடியில் அது புரள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.